முடிச்சிட்டேங்க என்றால் என்ன

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும். கூட்டத்துக்கு ஒருவர் தாமதமாக வந்தால் காது சூடாகிவிடும். கேட்ட கேள்விக்கு நேராகப் பதில் வராவிட்டால் குரல் தானாக ஏறிவிடும். பெங்களூரில் வேலை பார்த்த வருடங்களில் அதை ஒழுங்கு என்று சொல்லிச் சமாளித்துக்கொண்டிருந்தேன். தருமபுரிக்கு வந்த பிறகு அந்தச் சாக்கு செல்லவில்லை. இங்கே எல்லோரும் வாங்க, போங்க, சரிங்க என்று அவ்வளவு மெதுவாகப் பேசினார்கள். என் குரல் மட்டும் மாடிப்படி வரைக்கும் கேட்டது.

கணவருக்கு இந்த ஊருக்கு மாற்றலானதால் வந்தேன். நான் வேலை பார்த்த மென்பொருள் நிறுவனம் இங்கே ஏற்கெனவே ஒரு சின்னக் கிளை வைத்திருந்தது. பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில், டைல்ஸ் கடைக்கு மேல் மாடி. என்னையும் சேர்த்து ஏழு பேர். பெங்களூரைவிடச் செலவு குறைவு என்று திறந்த கிளை அது. இந்த மாவட்டத்தின் மேல் பாசம் வைத்து யாரும் திறக்கவில்லை. மூடுவதற்கும் யாருக்கும் மனம் வலிக்காது. அது எனக்குத் தெரியும், மற்ற ஆறு பேருக்கும் தெரியும்.

மூடினால் எனக்குப் பெரிதாக ஒன்றும் ஆகிவிடாது. கெஞ்சிக் கூத்தாடி வீட்டிலிருந்தே பார்க்கிற மாதிரி ஒரு வேலை வாங்கிக்கொள்வேன். குழுவிலிருக்கும் பையன்களும் முணுமுணுத்துக்கொண்டு பெங்களூருக்குப் பெட்டி கட்டிவிடுவார்கள். ஆனால் எங்கள் வேலையைச் சோதித்துப் பார்க்கும் டெஸ்டர் ஒரு பெண். கம்பைநல்லூரிலிருந்து தினமும் பஸ்ஸில் வருவாள், வீட்டில் சின்னக் குழந்தை. அவளை வேலைக்கு அனுப்புவதற்கு மாமியார் வீட்டில் ஒரே ஒரு நிபந்தனைதான் போட்டிருந்தார்கள். அதை அவளே என்னிடம் சொன்னாள்.

“தருமபுரின்னா போ, சாயந்தரம் வூட்டுக்கு வந்துரணும். பெங்களூருன்னா அந்தப் பேச்சையே எடுக்காதேன்னுட்டாங்கக்கா.”

கிளை மூடினால் அவள் படிப்பு கம்பைநல்லூர் வீட்டோடு முடிந்துவிடும். அந்த மாடியில் நடந்த ஒவ்வொரு கூட்டத்திலும் எனக்கு அந்த நினைப்பு இருந்தது.

என்னை அங்கே அனுப்பும்போது பெங்களூர் மேலாளர் சொன்னது ஒன்றுதான். அந்தக் குழுவுக்கு ஒரு வேலை முறை கிடையாது, உருவாக்கு. அவர் கன்னடக்காரர். தமிழ் தெரியாது என்று அவரே சொல்லியிருந்தார். முறை என்று அவர் சொன்னது அஜைல் என்கிற, எல்லா மென்பொருள் நிறுவனங்களிலும் இப்போது ஓடுகிற முறைதான். பெரிய வேலையைச் சின்னச் சின்னத் துண்டாக்க வேண்டும். இரண்டு வாரம் ஒரு சுற்று. தினமும் காலையில் எல்லோரும் நின்றபடியே ஒரு குட்டிக் கூட்டம். நேற்று என்ன முடித்தாய், இன்று என்ன செய்வாய், எது உன்னைத் தடுக்கிறது என்று மூன்றே கேள்வி. சுற்றின் கடைசியில் வாடிக்கையாளருக்குச் செய்து காட்டும் டெமோ. அதற்குப் பிறகு நமக்குள் ஒரு கூட்டம், இந்தச் சுற்றில் எது சரியாகப் போனது, எது கெட்டது என்று மனம் விட்டுப் பேச. காகிதத்தில் எழுதினால் ஒரு பக்கம்கூட வராது.

நிற்பதிலேயே தகராறு வந்தது. முதல் நாள் நான் போர்டு பக்கத்தில் நின்றுகொண்டு, எல்லோரும் இங்கே வாங்க என்றேன். ஆளுக்கு ஒரு நாற்காலியை இழுத்துக்கொண்டு வந்தார்கள். எனக்கும் ஒன்று போட்டார்கள்.

“உக்காருங்க மேடம், ஏன் நிக்கறீங்க?” என்றார் குழுவில் மூத்தவர். மாரண்டஹள்ளிக்காரர். என்னைவிட நாலைந்து வயது கூட இருக்கும். நாங்கள் எழுதும் நிரலில் பாதிக்கு மேல் அவர் கை. பையன்களும் அந்தப் பெண்ணும் அவரை அண்ணா என்றுதான் கூப்பிடுவார்கள்.

“நின்னுக்கிட்டேதான் பேசணும். அப்பதான் சீக்கிரம் முடியும்” என்றேன்.

“வந்தவங்கள நிக்க வெச்சுப் பேசறது நல்லா இருக்காதுங்களே” என்றார் அவர், எனக்குப் பாடம் சொல்கிற மாதிரி இல்லாமல், நிஜமாகவே சங்கடப்பட்டு.

நிற்க வைத்தேன். நின்றார்கள். வீட்டுப்பாடம் எழுதாமல் வகுப்புக்கு வெளியே நிறுத்தப்பட்டவர்கள் மாதிரி நின்றார்கள். கையைக் கட்டிக்கொண்டு, தரையைப் பார்த்துக்கொண்டு. இந்தப் பக்கத்தில் ஒருவர் முன்னால் நின்று பதில் சொல்வதென்றால் அது ஏதோ தப்புக்குத்தான் என்பது எனக்கு உறைக்கவே ஒரு வாரம் ஆனது. உறைத்த பிறகும் நான் மாற்றவில்லை. பிடிவாதம். நேரத்தை மட்டும் தள்ளிப்போட்டேன், ஏனென்றால் கம்பைநல்லூர் பஸ்ஸும் மாரண்டஹள்ளி பஸ்ஸும் என் கோபத்துக்குப் பயப்படவில்லை. பத்து மணி என்று வைத்தோம்.

ஆங்கிலத்தில் பேசச் சொன்னபோது யாரும் வாயைத் திறக்கவில்லை. தமிழில் பேசுங்கள் என்றதும் பதில்கள் மளமளவென்று வந்தன. நேற்று என்ன ஆச்சு? முடிச்சிட்டேங்க. அது? அதுவும் முடிச்சிட்டேங்க. எது தடுக்குது? ஒண்ணும் இல்லீங்க. நான் வேலையை எழுதி வைத்த ஒவ்வொரு துண்டுச் சீட்டையும் எடுத்துப் போர்டில் ‘முடிந்தது’ என்ற கட்டத்தில் ஒட்டுவேன். சாயந்தரம் பெங்களூர் மேலாளருக்கு ஆங்கிலத்தில் அறிக்கை அனுப்புவேன். என் அறிக்கைகள் அழகாக இருந்தன. முறை பிடித்துக்கொண்டது என்று எனக்கு நானே முதுகில் தட்டிக்கொண்டேன்.

அப்போது நாங்கள் செய்துகொண்டிருந்தது, விவசாயிகளிடம் காய்கறி எடுக்கும் ஓசூர் வியாபாரி ஒருவருக்கான செயலி. லாரி எந்த ஊருக்கு எத்தனை மணிக்கு வரும் என்று முந்தின நாளே விவசாயி போனுக்குச் செய்தி போக வேண்டும். எந்தெந்த இடத்தில் நிறுத்திப் பெட்டிகளை ஏற்ற வேண்டும் என்று லாரி டிரைவர் போனில் வரிசையாகத் தெரிய வேண்டும். இரண்டு பாதி. முதல் பாதியைப் பையன்கள் செய்தார்கள். டிரைவர் பாதியை மூத்தவர் செய்தார்.

முதல் ஓட்டத்துக்கு மாரண்டஹள்ளிப் பக்கத்தையே வியாபாரி தேர்ந்தெடுத்தார். முந்தின நாள் காலைக் கூட்டத்தில் மூத்தவரைப் பார்த்து, டிரைவர் பக்கம் என்ன ஆச்சு என்று கேட்டேன்.

“முடிச்சிட்டேங்க.”

சீட்டை எடுத்து ஒட்டினேன்.

மறுநாள் விடியும்போது விவசாயிகள் தக்காளியைப் பறித்துப் பெட்டிகளில் அடுக்கி ரோட்டோரம் வைத்துக் காத்திருந்தார்கள். அவர்களுக்குச் செய்தி சரியாகப் போயிருந்தது. டிரைவர் போனில் ஒன்றுமே வரவில்லை. அவர் பழைய வழியிலேயே ஓட்டிக்கொண்டு, அத்தனை பேரும் கை நீட்டுவதைப் பார்த்தும் பார்க்காமலும், நேராகப் போய்விட்டார். உச்சி வெயில் வரைக்கும் பெட்டிகள் ரோட்டில் கிடந்தன. மூத்தவர் வீடு அந்த ரோட்டிலேயே இருக்கிறது. ஊர்க்காரர்கள் அவர் வாசலுக்கு வந்து, உங்க கம்பெனிதானே செய்தி அனுப்புச்சு என்று கேட்டிருக்கிறார்கள். வேறொரு லாரியைப் பிடித்து அவரே நின்று ஏற்றிவிட்டுத்தான் அலுவலகம் வந்தார். சட்டையெல்லாம் தக்காளிச் சாறு. யாரிடமும் ஒரு வார்த்தை பேசவில்லை.

வியாபாரி பேசினார். போனைக் காதிலிருந்து தள்ளி வைத்துக்கொண்டுதான் கேட்க முடிந்தது. அதன் பிறகு பெங்களூர் மேலாளர் கூப்பிட்டார். அவர் கத்தவில்லை, கத்தியிருந்தால் தேவலை. இன்னும் ஒரே ஒரு சுற்று, இரண்டு வாரம் என்றார். அதன் முடிவில் நடக்கும் டெமோ சரியாக இல்லையென்றால் வேலையைப் பெங்களூருக்கு எடுத்துக்கொள்வோம், மாடியைக் காலி செய்துவிடுவோம். காலைக் கூட்டத்தில் நானும் திரையில் வந்து உட்காருவேன், என்றைக்கு வருவேன் என்று சொல்ல மாட்டேன். நீங்கள் தமிழிலேயே பேசுங்கள், நீ எனக்கு மொழிபெயர்த்துச் சொல்.

அன்று சாயந்தரம் அந்த மனம் விட்டுப் பேசும் கூட்டத்தைப் போட்டேன். எல்லோரும் உட்கார்ந்துதான் பேசினோம், அதாவது உட்கார்ந்துதான் பேசாமல் இருந்தோம். என்ன தப்பு நடந்தது என்று கேட்டால், எல்லாம் சரியாத்தாங்க போயிட்டிருந்துச்சு என்கிறார்கள். யார் பெயரும் யார் வாயிலும் வரவில்லை. ஒருவர் குறையைப் பலர் முன்னால் எடுப்பது அங்கே பழக்கமில்லை. எனக்கோ அந்தப் பழக்கத்தைத் தவிர வேறு பழக்கமே கிடையாது.

“நீங்கதானே முடிச்சிட்டேன்னு சொன்னீங்க?” என்று மூத்தவரைப் பார்த்து நேராகக் கேட்டேன். என் குரல் ஏறிவிட்டது.

“ஆமாங்க, சொன்னேங்க.”

“முடிக்கவே இல்லையே!”

“அன்னிக்கு ராத்திரிக்குள்ள முடிச்சிரலாம்னு இருந்தேங்க. கரண்ட் போயி நெட்டு வரலீங்க.”

“அப்ப முடிச்சிடுவேன்னு சொல்லியிருக்கணும். நீங்க முடிச்சிட்டேன்னு சொன்னீங்க.”

“அதாங்க” என்றார்.

நான் அவரையே பார்த்தேன். ஏமாற்றுகிறார் என்று நினைத்தேன். அவர் முகத்தில் ஏமாற்றுகிறவனின் அடையாளம் எதுவும் இல்லை. நான் எதற்காக ஒரே விஷயத்தை இரண்டு தடவை சொல்கிறேன் என்று புரியாத முகம்தான் இருந்தது.

“முடிச்சிடுவேன் வேற, முடிச்சிட்டேன் வேற இல்லையா?” என்று கத்தினேன்.

அந்த நேரம் பார்த்துக் கம்பைநல்லூர்ப் பெண்ணின் போன் அடித்தது. மாமியார். நேரமாகிவிட்டதே, எங்கே இருக்கிறாய் என்று கேட்டிருக்க வேண்டும். அவள் நாற்காலியில் காலை மடித்து உட்கார்ந்தபடியே, மடியில் மடிக்கணினி திறந்திருக்க, செருப்புகூடக் காலில் இல்லாமல், ரொம்ப இயல்பாகச் சொன்னாள்.

“கெளம்பிட்டேங்கத்த. இதோ பஸ் ஸ்டாண்டுக்கே வந்துட்டேன்.”

போனை வைத்தாள். ஆறு பேரும் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அவள் என்னைப் பார்த்தாள், தன் வெறுங்காலைப் பார்த்தாள், வாயைப் பொத்திக்கொண்டாள். பையன்களில் ஒருவன்தான் முதலில் சிரித்தான். பிறகு எல்லோரும் சிரித்தோம். நானும். அவ்வளவு கேவலமான நாளில் அப்படிச் சிரிப்பு வந்தது எப்படி என்று இன்றைக்கும் தெரியவில்லை.

அவள் மாமியாரிடம் பொய் சொல்லவில்லை. அந்த அம்மாவுக்கும் அது தெரியும். கெளம்பிட்டேன் என்றால் கிளம்பப் போகிறாள் என்று புரிந்துகொண்டு, ஒரு பஸ்ஸைக் கழித்துவிட்டுத்தான் சாதம் வைப்பார். வந்துட்டேன் என்றால் வருகிறேன். ஆச்சு என்றால் ஆகிவிடும், கவலைப்படாதே. நானும்தான் கணவரிடம் தினமும் அப்படிச் சொல்கிறேன். நம் வாயில் முடிந்து போன காலம் என்பது பல நேரம் ஒரு வாக்குறுதி, கேட்கிறவருக்குத் தெம்பு கொடுக்கச் சொல்வது. அதை நான் சீட்டில் எழுதி, போர்டில் ஒட்டி, ஆங்கிலத்தில் மொழிபெயர்த்துப் பெங்களூருக்கு அனுப்பிக்கொண்டிருந்தேன். ஆங்கிலத்துக்குப் போனதும் வாக்குறுதி கழன்று விழுந்து, முடிந்தது என்பது மட்டும் மிச்சமாயிற்று. அந்த முடிந்ததை நம்பித்தான் தக்காளி ரோட்டுக்கு வந்தது.

சிரித்து முடித்ததும் அங்கேயே ஒரு விதி போட்டோம். இனிமேல் வேலை செய்தவர் முடிச்சிட்டேன் என்று சொன்னால் சீட்டு நகராது. அவர் என்ன வேண்டுமானாலும் சொல்லிக்கொள்ளட்டும். டெஸ்டிங் பார்க்கிறவர் திறந்து, ஓட்டிப் பார்த்து, ஆச்சு என்று எல்லோர் முன்னாலும் சொன்னால்தான் நகரும்.

விதி சுலபமாகத்தான் இருந்தது. அதன் கனம் மறுநாள் காலையில் தெரிந்தது. டெஸ்டிங் பார்க்கிறவர் என்றால் அந்தப் பெண்தானே? மூத்தவர் முடிச்சிட்டேங்க என்பார். எல்லோரும் அவளைப் பார்ப்பார்கள். அவர் அவளுக்கு அண்ணன், வேலை கற்றுக்கொடுத்தவர், அவள் கல்யாணத்துக்குக் குடும்பத்தோடு வந்தவர். அவர் சொல்லை அவர் முகத்துக்கு நேராக இல்லை என்று சொல்ல வேண்டும்.

முதல் சில நாள் அவள் தப்பித்துக்கொண்டாள். “பாத்துட்டு இருக்கேங்கக்கா” என்பாள். அல்லது கூட்டத்துக்கு முன்பே அவர் மேசைக்குப் போய்க் காதோடு காதாகச் சொல்லிச் சரி செய்ய வைத்துவிடுவாள். மூத்தவருக்கு அதுவே பொறுக்கவில்லை.

“நான் சொன்னா பத்தாதுங்களா மேடம்?” என்று ஒரு நாள் படிக்கட்டில் என்னை நிறுத்திக் கேட்டார். “இத்தன வருசமா எழுதறேன். இப்ப நான் எழுதுனத ஒரு பொண்ணு பாத்து ஓகே சொல்லணும்னா எப்பிடிங்க?”

“என்னோடதையும் அவதான் பார்க்கிறா.”

“நீங்க மேடமுங்க. உங்களுக்கு யாரும் ஒண்ணும் சொல்லப்போறதில்ல.”

அவர் சொன்னது சரி என்பதுதான் எரிச்சலாக இருந்தது.

அந்த இரண்டு வாரமும் பத்து மணிக்கு முன்பே நான் திரையைப் பார்த்தபடி நிற்பேன். மேலாளர் ஒரு நாள் வருவார், இரண்டு நாள் வரமாட்டார். திரையில் அவர் முகம் வந்ததும் அறையில் எல்லோரும் ஒரு சுற்று இளைத்துவிடுவார்கள். மூன்று கேள்விகளும் ஓடும். நான் ஒவ்வொன்றையும் ஆங்கிலத்தில் சொல்வேன். அவர் ஒன்றும் சொல்லாமல் குறித்துக்கொள்வார். மூத்தவர் கடைசி ஆளாக, சுவரோடு சாய்ந்து நிற்பார். கிளை மூடப்போகிறது என்று டீக்கடை வரைக்கும் பேச்சு போய்விட்டது. அந்தப் பெண் மத்தியானச் சாப்பாட்டைப் பாதியில் மூடி வைக்க ஆரம்பித்தாள். வீட்டில் இன்னும் சொல்லவில்லை என்றாள்.

“சொன்னா, அப்ப இன்னிக்கே நின்னுக்கோம்பாங்கக்கா.”

இந்தச் சுற்றில் மூத்தவர் கையில் இருந்த பெரிய துண்டு இதுதான். விவசாயி கடைசி நேரத்தில் வேண்டாம் என்று சொல்லிவிட்டால் டிரைவரின் வரிசையிலிருந்து அந்த நிறுத்தம் தானாக நீங்க வேண்டும். வியாபாரி அதைத்தான் முக்கியமாகப் பார்க்கப் போகிறார் என்று மேலாளர் சொல்லியிருந்தார்.

டெமோ நாள் வந்தது. மத்தியானம் ஓசூரிலிருந்து வியாபாரி திரைக்கு வருவார். காலைக் கூட்டத்துக்கு நாங்கள் நின்ற உடனேயே மேலாளர் முகம் வந்துவிட்டது. மூத்தவரின் முறை வந்தது. இந்தத் தடவை அவர் சாய்ந்து நிற்கவில்லை, நேராக நின்றார்.

“முடிச்சிட்டேங்க” என்றார். சத்தமாகவே.

எல்லோர் தலையும் அவள் பக்கம் திரும்பியது. அவள் சீக்கிரம் வந்து ஒரு மணி நேரமாக அதைத்தான் ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள் என்று எனக்குத் தெரியும். ஆச்சு என்று சொல்லிவிடு, என்று மனதுக்குள் வேண்டிக்கொண்டேன். வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் வேண்டிக்கொண்டேன். விதியைப் போட்டது நான். அதை அவள் மீறிவிட்டால் நன்றாக இருக்கும் என்று நினைத்ததும் நான்தான்.

அவள் துப்பட்டாவின் நுனியை விரலில் சுற்றிக்கொண்டிருந்தாள். மேலே மின்விசிறி கட கட என்று ஓடியது.

“ஆகலைங்கண்ணா” என்றாள்.

துப்பட்டாவை விட்டுவிட்டு மறுபடியும் சொன்னாள். “ஆகலைங்க. ஒருத்தர் வேணாம்னா போயிருதுங்க. அடுத்தாப்ல ரெண்டாவது ஆளு வேணாம்னு சொன்னா, அது அப்பிடியே நிக்குதுங்க.”

என் பழகிய வாய் உடனே வேலை செய்தது. மேலாளருக்குத் தமிழ் தெரியாது. நான்தான் சொல்ல வேண்டும். சின்ன வேலை கொஞ்சம் மீதி இருக்கிறது, மத்தியானத்துக்குள் சரியாகிவிடும் என்று ஆங்கிலத்தில் வாக்கியம் தயாராகிவிட்டது. வாயைத் திறந்தேன்.

“ஆகில்வா?” என்றார் மேலாளர், என்னைப் பார்க்காமல், அவளைப் பார்த்து.

கன்னடம். ஆகவில்லையா என்று கேட்கிறார். ஆகலை, ஆகில்ல. இரண்டுக்கும் நடுவில் என்னுடைய மொழிபெயர்ப்புக்கு இடமே இல்லை. முடிச்சிட்டேங்க என்று எத்தனையோ நாள் அவர் காதில் விழுந்தும் அவருக்குப் புரியாமல் போனது; இந்த ஒரு சொல் நேராகப் போய் இறங்கிவிட்டது. அவள் பயத்தோடு தலையை ஆட்டினாள்.

மேலாளர் மூத்தவர் பக்கம் திரும்பினார். மாரண்டஹள்ளிப் பக்கத்தில் வீட்டில் கன்னடம் பேசும் குடும்பங்கள் உண்டு. மூத்தவர் வீடும் அப்படி என்று அவர் சொல்லித் தெரியாது, அவர் ஊர்ப் பையன் ஒருவன் சொல்லித்தான் எனக்கே தெரியும். ஆனால் பெங்களூரோடு பேசும்போது ஒரு தடவைகூட அவர் அந்த மொழியைப் பேசியதில்லை. மேலாளருக்கு அது எப்படித் தெரியும் என்று யோசித்தேன். அவருக்குத் தெரியாது. அவர் சும்மா தன் பாஷையில்தான் கேட்டார். “நீவு ஹேளி. ஆகிதெயா, இல்வா?” நீங்க சொல்லுங்க, ஆகியிருக்கா இல்லையா.

இப்போது எல்லாம் மூத்தவர் கையில் இருந்தது. ஆச்சு என்று அவர் ஒரு வார்த்தை சொன்னால் மேலாளர் அவரைத்தான் நம்புவார். வயது, அனுபவம், எழுதியவர். அந்தப் பெண் தெரியாமல் உளறினாள் என்று ஆகிவிடும். அவள் அவரை நிமிர்ந்து பார்க்கவே இல்லை.

மூத்தவர் கழுத்து சிவந்துவிட்டது. இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டார்.

“ஆகில்ல சார்” என்றார். “ஆயம்மா ஹேளித்தே சரி.”

அந்த அம்மா சொன்னதுதான் சரி. அவ்வளவுதான் சொன்னார். சாக்கு சொல்லவில்லை, கரண்ட் போன கதை சொல்லவில்லை. மேலாளர் ஏதோ குறித்துக்கொண்டு, ஆகாததை டெமோவில் காட்டாதே, ஆனதை மட்டும் காட்டு, மீதி எப்போது வரும் என்று வியாபாரியிடமே சொல்லு என்று என்னிடம் ஆங்கிலத்தில் சொல்லிவிட்டுத் திரையிலிருந்து போனார். மூத்தவர் யாரையும் பார்க்காமல் வெளியே நடந்தார். படிக்கட்டில் அவர் இறங்கும் சத்தம் கேட்டது. அந்தப் பெண் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

“தைரியமா சொல்லிட்டியே” என்றேன்.

“பயத்துலதாங்கக்கா சொன்னேன்” என்றாள். “மறுபடியும் அவரு வூட்டு வாசல்ல போயி ஆளுங்க நின்னா?”

மத்தியானம் டெமோ நடந்தது. மூத்தவர் அதற்குள் திரும்பி வந்து தன் இடத்தில் இருந்தார், ஆனால் யாரோடும் பேசவில்லை. விவசாயிக்குச் செய்தி போவதைக் காட்டினோம். டிரைவர் போனில் வரிசை வருவதைக் காட்டினோம், வியாபாரியே தன் டிரைவரை வைத்து ஓசூரில் ஒரு தடவை பார்த்துக்கொண்டார். வேண்டாம் என்று சொல்லும் விஷயம் என்ன ஆச்சு என்று அவர் கேட்டார்.

“அது ஆகலைங்க. அடுத்த சுத்துல தரோம்” என்றேன்.

வியாபாரி, “இந்தத் தடவயாவது சொல்லிட்டீங்களே” என்றார். அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொள்வதா, குத்தல் என்று எடுத்துக்கொள்வதா என்று புரியவில்லை. அவர் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்ன மாதிரிதான் இருந்தது. அந்தத் துண்டு வருகிற வரைக்கும் லாரியை விடமாட்டேன் என்று சொல்லி வைத்துவிட்டார்.

சாயந்தரம் மேலாளர் கூப்பிட்டார். நான் போனை எடுத்துக்கொண்டு மாடி வராந்தாவுக்குப் போனேன். கீழே டைல்ஸ் கடையில் சரக்கு இறக்கிக்கொண்டிருந்தார்கள். வேலை அங்கேயே இருக்கட்டும் என்றார் அவர். வாடிக்கையாளர் கோபமாகத்தான் இருக்கிறார், ஆனால் விலகவில்லை. இனிமேல் காலையில் அந்தப் பெண்ணே நேராக எனக்குச் சொல்லட்டும், நீ நடுவில் வேண்டாம். அது எனக்குச் சுருக்கென்றுதான் இருந்தது. இருந்தாலும் சரி என்றேன்.

உள்ளே வந்து சொன்னேன். கிளை இருக்கும், வேலை இங்கேதான். பையன்கள் மேசையைத் தட்டினார்கள். கம்பைநல்லூர்ப் பெண் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள். நானும் அழுதுவிடுவேனோ என்று பயந்து, வேலையைப் பாருங்க, அரட்டை போதும் என்று அதட்டினேன்.

மூத்தவர் எழுந்து நின்றுகொண்டிருந்தார். பை தோளில் இருந்தது. அவர் தன் மடிக்கணினியை மூடி, அதன் வயரைச் சுருட்டி, மேசையின் நடுவில் ஒழுங்காக வைத்திருந்ததை அப்போதுதான் பார்த்தேன். கம்பெனிச் சாமானைத் திருப்பிக் கொடுக்கிறவர் வைக்கிற மாதிரி. தண்ணீர் பாட்டில், டிபன் பாக்ஸ், இழுப்பறையிலிருந்த மாத்திரை அட்டை எல்லாம் பைக்குள் போயிருந்தன.

“அப்ப,” என்றார். நிறுத்தினார். “நானும் இருக்கலாமுங்களா?”

காலையில் அந்த ஒரு வார்த்தையைச் சொன்னபோதே தன் வேலையையும் சேர்த்துக் கொடுத்துவிட்டதாக அவர் நினைத்திருக்கிறார். அப்படி நினைத்துக்கொண்டுதான் சொல்லியிருக்கிறார். பகல் முழுவதும் அதோடுதான் உட்கார்ந்திருந்திருக்கிறார், நாங்கள் ஆறு பேரும் அது கோபம் என்று நினைத்துக்கொண்டிருந்தோம். எதற்கெடுத்தாலும் முதலில் சத்தம் போடுகிற எனக்கு, அன்றைக்கு ஒரு எழுத்து வரவில்லை.

அந்தப் பெண்தான் முகத்திலிருந்து கையை எடுத்தாள். கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

“உக்காருங்கண்ணா,” என்றாள் அதட்டலாக. “நீங்க போயிட்டா ரெண்டாவது ஆளு வேணாம்னா அந்த ஸ்டாப்ப யாரு தூக்கறது?”